பெயின்ட்பால் மார்க்கரில் டிரிகரை வீட்டிலேயே சரிசெய்வது: எந்த ஸ்க்ரூ முதலில், ஏன்?

புதிதாக மார்க்கர் (பெயின்ட்பால் சுடும் துப்பாக்கி) வாங்கியவர்கள் முதலில் கைவைக்கும் இடம் டிரிகர். கண்ணில் பட்ட ஸ்க்ரூவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "இப்போ சுடவே மாட்டேங்குதுண்ணா" என்று வந்து நிற்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான். டிரிகரைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களில் ஒன்றைத் தொட்டால் மற்றவற்றின் அளவும் மாறிவிடும். அதனால் எதை முதலில் தொடுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

இங்கே சொல்லியிருப்பது பேட்டரியில் ஓடும் மின்னணு மார்க்கர்களுக்கானது. டிப்மன் 98, ஆட்டோகாக்கர் போன்ற மெக்கானிக்கல் மார்க்கர் வைத்திருப்பவர்கள் முதல் மூன்று பகுதிகளைப் படித்துவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

1. வேலைக்கு உட்காரும் முன்

உங்கள் மாடலின் கையேடு வேண்டும். தாளாக இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு மாடலில் முன் ஸ்டாப் (டிரிகர் முன்னால் வருவதை நிறுத்தும் ஸ்க்ரூ) டிரிகரிலேயே இருக்கும், இன்னொன்றில் கிரிப் சட்டத்தில் இருக்கும். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் ஸ்க்ரூவுக்கும் பல மார்க்கர்களில் ஆலன் தலைதான். அதை டிரிகர் ஸ்க்ரூ என்று நினைத்துத் திருகினால் பந்தின் வேகம் மாறிவிடும்.

ஆலன் கீ அங்குல அளவிலும் மில்லிமீட்டரிலும் இரண்டு செட் இருக்கட்டும். 1/16 அங்குலம் என்பது 1.59 மில்லிமீட்டர். அதில் 1.5 மில்லிமீட்டர் கீயைப் போட்டால் உள்ளே போகும், கொஞ்சம் ஆடும், இறுகியிருக்கும் ஸ்க்ரூவில் தலையை வழித்துவிடும். தலை வழிந்த குட்டி ஸ்க்ரூவை வெளியே எடுப்பது தனிப் பாடு. கீ ஆடாமல் உட்கார்ந்தால் மட்டும் திருகுங்கள்.

இவற்றோடு கண்ணையும் முகத்தையும் மூடும் பெயின்ட்பால் முகக்கவசம், புது 9 வோல்ட் பேட்டரி (உங்கள் மார்க்கர் எதில் ஓடுகிறதோ அது), காது குடையும் பஞ்சுக் குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், விளிம்புள்ள ஒரு தட்டு, ஒரு தாள், பேனா. தட்டு எதற்கென்றால், இந்த ஸ்க்ரூக்கள் அரிசி அளவுதான் இருக்கும். தரையில் விழுந்தால் கிடைப்பது சந்தேகம்.

பேட்டரியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பேட்டரி இறங்கியிருந்தால் டிரிகர் கிளிக் ஆகும், ஆனால் சாலினாய்டு (காற்றைத் திறந்துவிடும் மின்காந்த வால்வு) முழு வலுவோடு திறக்காது. அதை டிரிகர் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகுவார்கள். புது பேட்டரி போட்டுப் பார்த்த பிறகும் குறை இருந்தால்தான் மேலே போக வேண்டும்.

2. காற்றை இறக்குங்கள், இந்த வரிசையில்

முகக்கவசம் முகத்தில் இருக்கட்டும். பேரல் உறையை மாட்டுங்கள். மேலே பந்து நிரப்பும் டப்பாவான ஹாப்பரைக் கழற்றுங்கள். பிறகு டேங்க் வால்வை மூடி, பாதுகாப்பான பக்கம் நோக்கி டிரிகரை இழுத்து உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள். அதன் பிறகே டேங்கைக் கழற்ற வேண்டும்.

ஹாப்பர் முதலில் போவதற்குக் காரணம், காற்றை வெளியேற்றச் சுடும்போது புதிதாகப் பந்து உள்ளே இறங்கக் கூடாது. மூடும் குமிழ் இல்லாத மார்க்கரில் டேங்கை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தினால் அதன் ஊசி விடுபட்டு வால்வு மூடிக்கொள்ளும். அப்போது மிச்சக் காற்றைச் சுட்டுத் தீர்த்துவிட்டு முழுதாகக் கழற்றுங்கள்.

டேங்கைக் கழற்றிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ரெகுலேட்டரிலும் வால்வு அறையிலும் ஒரு குண்டு சுடும் அளவுக்குக் காற்று தங்கியிருக்கலாம். மைதானங்களில் அனுமதிக்கும் வேகம் வழக்கமாக வினாடிக்கு 280 முதல் 300 அடி. அந்த வேகத்தில் வரும் .68 காலிபர் பந்து கண்ணைப் பறித்துவிடும். அதனால் டேங்க் போன பிறகும் ஒருமுறை டிரிகரை இழுத்துப் பாருங்கள். பேரலைக் கழற்றி, பந்து அறையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பேரல் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கும் பழக்கம் எந்த நிலையிலும் வேண்டாம்.

3. சுத்தம் செய்த பிறகு பழைய குறை இருக்கிறதா என்று பாருங்கள்

பெயின்ட்பாலின் உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால், ஓடு ஜெலட்டின். உடைந்த பந்தின் கலவை டிரிகர் இடுக்கில் புகுந்து காய்ந்தால் பிசின் போல ஒட்டும். டிரிகர் மெதுவாகத் திரும்பும், சில நேரம் நடுவிலேயே நின்றுவிடும். "ஸ்பிரிங் போயிடுச்சு" என்று என்னிடம் கொண்டுவரப்படுபவற்றில் பல இந்த வகைதான்.

கிரிப் உறையைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, டிரிகரின் இரு பக்கத்தையும் ஈரமான பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். இந்தக் கலவை தண்ணீரிலேயே கரையும். மின்னணுப் பலகையான போர்டுக்குப் பக்கத்தில் மட்டும் தண்ணீருக்குப் பதில் ஆல்கஹால். டிரிகர் பின்னைச் சுற்றி எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டிரிகர் அழுத்தும் மைக்ரோ சுவிட்சுக்குள்ளும் இறங்கும்.

டிரிகரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அதிகமாக ஆடினால் பின்னோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்றாமல் ஸ்க்ரூவைச் சரிசெய்வதில் பயனில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் டிரிகர் வேறு கோணத்தில் வந்து நிற்கும், நீங்கள் வைத்த அளவு நிலைக்காது.

4. இப்போதைய நிலையை எழுதி வையுங்கள்

ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முட்டும் வரை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று போனது என்று தாளில் குறித்துக்கொண்டு, அதே அளவு வெளியே எடுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுங்கள். எல்லாம் குழம்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்ப இந்தத் தாள் போதும்.

அரைச் சுற்று எவ்வளவு பெரியது என்பது கையில் கீ இருக்கும்போது உறைக்காது. அங்குலத்துக்கு 32 மரை உள்ள ஸ்க்ரூ ஒரு சுற்றில் 0.79 மில்லிமீட்டர் நகரும். அதில் எட்டில் ஒரு சுற்று கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர். டிரிகரின் மொத்த அசைவே இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, அரைச் சுற்று என்பது பெரிய மாற்றம். தோராய அளவைப் பிடிக்க அரைச் சுற்று, பிறகு எட்டில் ஒன்று. இதைத் தாண்டி வேகம் காட்ட வேண்டாம்.

குறித்தாயிற்றா? முன் ஸ்டாப், பின் ஸ்டாப் (டிரிகர் பின்னால் போவதை நிறுத்துவது) இரண்டையும் தளர்த்தி டிரிகருக்கு முழு அசைவு கொடுங்கள். கழன்று விழும் அளவுக்கு வேண்டாம்.

5. முதலில் கிளிக் ஆகும் இடம்

டிரிகர் பின்னால் போகும்போது மைக்ரோ சுவிட்சை அழுத்துகிறது, அல்லது ஒளி சென்சாரின் கதிரை மறைக்கிறது. போர்டுக்குச் செய்தி போவது அந்தப் புள்ளியில்தான். சில மார்க்கர்களில் இந்தப் புள்ளியை முன்னே பின்னே நகர்த்தத் தனி ஸ்க்ரூ உண்டு. அது இருந்தால் அதைத்தான் முதலில் தொட வேண்டும். மற்ற ஸ்டாப்புகள் எல்லாம் இந்தப் புள்ளியைச் சுற்றி வைக்கப்படுபவை. அவற்றை வைத்து முடித்த பிறகு இதை நகர்த்தினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

காற்று இல்லாமல், பேட்டரியை மட்டும் மாட்டி மார்க்கரை இயக்குங்கள். பல போர்டுகளில் டிரிகர் பதிவானதும் விளக்கு நிறம் மாறும், அல்லது திரையில் ஒரு குறி தோன்றும். ஒளி சென்சாரில் கிளிக் சத்தமே இருக்காது, அதனால் இந்த விளக்கை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும்.

டிரிகர் அசைவின் நடுப்பகுதியில் கிளிக் விழும்படி வையுங்கள். முன்னாலும் பின்னாலும் இடம் இருந்தால்தான் அடுத்த இரண்டு படிகளுக்கு வழி இருக்கும்.

6. பிறகு பின் ஸ்டாப்

கிளிக் ஆன பிறகும் டிரிகர் பின்னால் போகும் வெற்று அசைவை இது நிறுத்துகிறது. மெதுவாக உள்ளே திருகிக்கொண்டே ஒவ்வொரு முறையும் டிரிகரை இழுங்கள். ஒரு கட்டத்தில் முழுதாக இழுத்தாலும் விளக்கு மாறாது. அங்கே நிறுத்தி, மாறும் வரை வெளியே எடுத்து, அதற்கு மேல் இன்னொரு கால் சுற்று விடுங்கள்.

அந்தக் கால் சுற்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேசையில் உட்கார்ந்து நிதானமாக நேராக இழுக்கும்போது எல்லா முறையும் கிளிக் விழும். விளையாட்டில் கையுறை போட்ட விரல் டிரிகரின் அடியையோ ஓரத்தையோ தொடும், டிரிகர் லேசாகத் திருகிக்கொண்டு போகும், சுவிட்ச் வரை எட்டாது. அவசரமான நேரத்தில் மார்க்கர் சுடாமல் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. டிரிகர் போய் முட்ட வேண்டியது இந்த ஸ்டாப்பில். சுவிட்சின் உடல்மேல் முட்டக் கூடாது. ஸ்டாப்பை முழுக்க வெளியே எடுத்துவிட்டு விளையாடினால் விரலின் முழு வலுவும் அந்தக் குட்டி சுவிட்சில் இறங்கி அதை உடைத்துவிடும்.

7. அடுத்து முன் ஸ்டாப்: அதிகம் தடுமாறும் இடம்

கிளிக்குக்கு முன்னால் இருக்கும் வெற்று அசைவைக் குறைப்பது இது. எல்லோருக்கும் ஆசை இங்கேதான். மூச்சு விட்டாலே சுட வேண்டும் என்று கேட்பார்கள்.

மைக்ரோ சுவிட்ச் அழுந்தும் புள்ளியும் விடுபடும் புள்ளியும் ஒன்றல்ல. கிளிக் ஆன இடத்திலிருந்து டிரிகர் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தால்தான் சுவிட்ச் விடுபடும். முன் ஸ்டாப் அந்த இடைவெளிக்குள் டிரிகரை நிறுத்திவிட்டால் முதல் குண்டு போகும், இரண்டாவது போகாது. சுவிட்ச் இன்னும் அழுந்தியே இருப்பதாகப் போர்டு நினைக்கும். "ஒரு தடவை சுட்டுட்டு செத்துப் போகுது" என்று சொல்பவர்களின் மார்க்கரில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

செய்ய வேண்டியது: முன் ஸ்டாப்பை உள்ளே திருகுங்கள், விரலை எடுத்த பிறகும் விளக்கு அணையாத இடம் வரும். அங்கிருந்து வெளியே எடுங்கள், விளக்கு அணையும். அதற்கு மேல் கால் சுற்று. பிறகு டிரிகரை இழுத்து, மிக மெதுவாக விட்டுப் பாருங்கள். விடும்போதும் ஒரு மெல்லிய கிளிக் கேட்க வேண்டும். அந்தத் திரும்பும் கிளிக் தெளிவாக விழுந்தால், டிரிகர் ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் வேகமாகச் சுட முடியும். அது மங்கலாக இருந்தால் எவ்வளவு குட்டையான டிரிகராலும் பயனில்லை. என் வரையில், நல்ல டிரிகரா என்பதை நான் பார்ப்பது அது திரும்பி வருவதை வைத்துத்தான்.

விளையாடும்போது கையுறை போடுபவர் கையுறையோடுதான் இதைச் செய்ய வேண்டும். குளிரில் விளையாடுபவர் இன்னும் எட்டில் ஒரு சுற்று கூடுதலாக விடலாம். மரத்த விரல் பாதியில் விட்டுவிடும்.

8. திரும்பும் விசை

டிரிகரை முன்னால் தள்ளுவது ஸ்பிரிங்காக இருக்கலாம், காந்தமாக இருக்கலாம், சிலவற்றில் இரண்டும் இருக்கும். ஸ்பிரிங்கில் இழுக்க இழுக்க விசை சீராகக் கூடும். ஈர்க்கும் வகைக் காந்தத்தில் தொடக்கத்தில்தான் பிடி அதிகம், நகர்ந்ததும் சட்டென்று விட்டுவிடும், ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும்போது இருப்பதைப் போல. எது நல்லது என்பது விரலின் விருப்பம். எனக்குக் காந்தம் பிடிக்கும், விரல் தெரியாமல் பட்டுச் சுடுவது குறைவு.

காந்தத்தின் விசை தூரம் குறையக் குறையத் தாறுமாறாக ஏறும். அதனால் காந்தத்தின் தூரத்தை மாற்றும் ஸ்க்ரூவில் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே முறையில் போகாதீர்கள்.

இது முன் ஸ்டாப்புக்குப் பிறகு வருவதற்குக் காரணம், முன் ஸ்டாப் நகர்ந்தால் காந்தத்துக்கும் டிரிகருக்கும் உள்ள தூரமும் மாறிவிடும். விசையை முதலில் வைத்தால் அது வீண் வேலை.

எவ்வளவு விசை வேண்டும்? மார்க்கரைத் தலைகீழாகப் பிடித்து டிரிகரை இழுத்து விடுங்கள். எந்தத் தயக்கமும் இல்லாமல் முன் ஸ்டாப்பில் போய் முட்ட வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

9. போர்டில் டிபவுன்ஸ்

சுவிட்சின் தகடுகள் ஒட்டும்போது நொடிப்பொழுதில் பலமுறை துள்ளும். குண்டு போகும் அதிர்விலும் டிரிகர் விரலில் மோதித் துள்ளும். இவற்றைப் புது இழுப்பாக எண்ணாமல் இருக்க, போர்டு சில மில்லிவினாடிகள் காதை மூடிக்கொள்கிறது. அதுதான் டிபவுன்ஸ். சில தயாரிப்பாளர்கள் இதையே ஃபில்டர் என்றும் சென்சிட்டிவிட்டி என்றும் எழுதுவார்கள். எண் கூடினால் கடுமை கூடுமா குறையுமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. வினாடிக்கு 12 முறை இழுப்பவரின் இரண்டு இழுப்புக்கு நடுவே 83 மில்லிவினாடி இருக்கிறது. டிபவுன்ஸ் பத்து மில்லிவினாடியாக இருந்தாலும் அவருக்கு அது தடையே இல்லை. தயாரிப்பாளர் வைத்த அளவிலேயே தொடங்குங்கள். துள்ளல் இருந்தால் கூட்டுங்கள். முதலில் ஸ்க்ரூ, பிறகுதான் போர்டு. மிக லேசான டிரிகரை வைத்துக்கொண்டு போர்டில் மட்டும் மறைக்கப் பார்த்தால் துள்ளல் மைதானத்தில் திரும்ப வரும்.

10. காற்றோடு சோதனை

முகக்கவசமும் பேரல் உறையும் கட்டாயம் இருக்க வேண்டும், ஹாப்பர் மட்டும் இருக்கக் கூடாது. பக்கத்தில் முகக்கவசம் இல்லாத யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் அறவே கூடாது. பந்தைப் பார்க்கும் கண் சென்சாரை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் பந்து இல்லை என்று மார்க்கர் சுட மறுக்கலாம், நீங்கள் டிரிகரைச் சந்தேகிப்பீர்கள். சுடும் முறை ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு என்று இருக்கட்டும். ராம்பிங் முறையில் போர்டே கூடுதல் குண்டுகளைச் சேர்க்கும், எது துள்ளல் என்று பிரிக்க முடியாது.

மார்க்கரைத் தளர்வாகப் பிடித்து மிக மெதுவாக இழுங்கள். கிளிக் புள்ளியில் விரலை நிறுத்தினால் ஒரே ஒரு குண்டு போக வேண்டும். இரண்டு மூன்று போனால் துள்ளல் இருக்கிறது: திரும்பும் விசையைக் கூட்டுங்கள், அது போதவில்லையென்றால் டிபவுன்ஸ்.

அடுத்து, விரலை டிரிகரிலிருந்து எடுத்துவிட்டு, கிரிப்பின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். தட்டும்போது சுட்டால் முன் ஸ்டாப் மிக நெருக்கமாக இருக்கிறது. ஓடும்போது மரத்தில் இடித்தாலே சுடும் மார்க்கர் அது, அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. காற்றை மறுபடி முழுதாக இறக்கிவிட்டே ஸ்க்ரூவைத் தொடுங்கள். சோம்பல்பட்டு காற்றோடு திருகுவதுதான் இந்த வேலையில் உண்மையான ஆபத்து.

மைதானத்துக்குப் போனதும் க்ரோனோகிராஃபில் வேகத்தைப் பாருங்கள். டிரிகரைச் சரிசெய்வதால் வேகம் மாறாது. மாறியிருந்தால் வேறு ஏதோ ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறீர்கள்.

11. ஸ்க்ரூ நகராமல் பூட்டுவது

ஒரு நாள் விளையாடி, மனம் நிறைந்த பிறகே பூட்டுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையை ஆல்கஹாலில் துடைத்து, நீல நிற லாக்டைட்டை (மரையைப் பூட்டும் பசை) ஊசிமுனை அளவு வைத்து, குறித்த சுற்றுக்கே திருப்பிப் போடுங்கள். சிவப்பு வேண்டாம், அது சூடாக்காமல் கழலாது. பிளாஸ்டிக் சட்டத்தில் லாக்டைட்டே வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விடும். அங்கே மரையில் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றினால் போதும்.

12. மெக்கானிக்கல் மார்க்கர் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே டிரிகர் இழுப்பது ஒரு சியரை, அதாவது சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியை. சியர் விடுவிக்க, சுத்தியல் முன்னால் பாய்ந்து வால்வைத் தட்டுகிறது. டிப்மன் 98 போன்றவற்றில் அதே காற்று சுத்தியலைப் பின்னால் தள்ள, சியர் மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டும். அசைவைக் குறைக்கிறேன் என்று சியர் பாதியளவே பிடிக்கும்படி செய்தால் விரலை எடுத்தாலும் மார்க்கர் தொடர்ந்து சுட்டுக்கொண்டே போகும். சியரின் முனையை அரத்தால் தேய்க்காதீர்கள். அந்தக் கோணம் ஒருமுறை போனால் புதுச் சியர்தான் வாங்க வேண்டும். சுத்தம் செய்வது, தேய்ந்த டிரிகர் ஸ்பிரிங்கை மாற்றுவது, அந்த மாடலுக்கென்றே விற்கும் ஸ்க்ரூ வைத்த டிரிகரைப் போடுவது, இவ்வளவோடு நின்றால் நல்லது. காற்று குறைந்தாலும் இதே தொடர் சூடு வரும், அதனால் முதலில் டேங்கைப் பாருங்கள்.

ஆட்டோகாக்கர் வேறு கதை. அதில் ஒரே இழுப்பின் முதல் பாதி சியரை விடுவித்துச் சுடுகிறது, பின் பாதி மூன்று வழி வால்வைத் திருப்பி, ராம் (காற்றில் நகரும் சிறு பிஸ்டன்) வழியாக, பந்தைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டைப் பின்னால் இழுக்கிறது. குண்டு பேரலை விட்டுப் போன பிறகுதான் போல்ட் திறக்க வேண்டும். அசைவைக் குறைத்து இந்த இரண்டையும் நெருக்கினால், சுடும் காற்றின் ஒரு பங்கு ஹாப்பர் பக்கம் மேலே அடிக்கும், பந்துகள் உள்ளேயே உடையும். பின் ஸ்டாப்பை இறுக்கினால் வால்வு முழுதாகத் திரும்பாது, அடுத்த குண்டு ஏறாது. டைமிங் என்று ஆட்டோகாக்கர்காரர்கள் சொல்வது இதைத்தான். டைமிங்கைச் சரியாக வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது முதல்முறை செய்யுங்கள். அதுவரை அந்த நீளமான இழுப்போடு விளையாடலாம், ஆட்டோகாக்கர்காரர்களில் பலர் அதை விரும்பித்தான் வைத்திருக்கிறார்கள்.